ஜெரி (எ) ஜெரால்ட்

30.7.2025, புதன்

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. 'அமரர் சைமன் – ஜானட் இவர்களின் ஏக புதல்வி பெனிஷா'. எழுத்துப்பிழை இல்லை, அதுவே பெரிய விசயம். 'அமரர்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். செத்துப்போனால்தான் அந்த மனுசனுக்கு இவ்வளவு மரியாதை.

ஆறு மணிக்கு கேட் டூட்டி. சைமன் இறந்த வருசம் இந்த கன்டெய்னர் யார்டில் சேர்ந்தேன், பதினோரு வருசம் ஆகிறது. மணலி புதுநகர் தாண்டினால் யார்டு. டிரைவர் வந்து மிஷினில் ஊத வேண்டும். மிஷின் காட்டுகிற எண்ணை ரெஜிஸ்டரில் எழுதி கேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். முப்பதைத் தாண்டினால் வண்டி சாவியை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்ட வேண்டும். இதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம்.

இன்றைக்கு டிரெய்லர் ஓட்டுகிற கோதண்டம் ஊதினான். முப்பத்தெட்டு. ராத்திரி குடித்தது, இன்னும் இறங்கவில்லை என்று தலையைச் சொறிந்தான். எண்ணூர் குப்பத்துக்காரன், மூன்று பொம்பளைப் பிள்ளைகள். சாவியை வாங்கினால் அன்றைய ட்ரிப் போச்சு. ரெஜிஸ்டரில் சைபர் என்று எழுதினேன்.

முதல் தடவையா என்ன?

3.8.2025, ஞாயிறு

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். காசிமேடு இன்னாசி – பிலோமி இவர்களின் மகன் ஜெரால்டுக்கும், நம் பங்கைச் சேர்ந்த என் மகளுக்கும். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குசாமியிடம் சொல்ல வேண்டுமாம். சாமியார் அந்த இடத்தில் தொண்டையைக் கனைத்ததும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு ஞாயிறு வாசிப்பார்கள்.

சம்பந்தியம்மா பிலோமியும் எங்கள் கோயிலுக்கே வந்திருந்தார்கள். காசிமேட்டில் மீன் வியாபாரம். ஏலத்தில் கத்துகிற குரலைச் சாமி முன்னாலும் குறைக்க மாட்டார்கள் போல. பாட்டுக் குழுவில் இருக்கிற பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன், துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீசியன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டான். இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

4.8.2025, திங்கள்

கோதண்டத்துக்குப் பத்திரிகை கொடுத்தேன். படித்துவிட்டு, "நம்ம காசிமேடு ஜெரியா, அக்கா? அவன் குடிச்சிட்டு வண்டி ஓட்டி போலீஸ்ல ஊதி மாட்டுனவனாச்சே. கோர்ட்டுக்கெல்லாம் போனான்" என்றான்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேற ஜெரியா இருக்கும்க்கா என்றான். முப்பத்தெட்டு ஊதினவன் எனக்குச் சொல்கிறான்.

காலை நேரத்துக் கேட்டில் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எந்தக் குடிகாரனுக்கும் என் பெண்ணைக் கொடுக்கக் கூடாதென்று தானே இத்தனை வருசம் ஒவ்வொருத்தனையாய்த் தட்டிக் கழித்தேன்? கடைசியில் நான் போய் விழுந்தது இதே குழியிலா?

5.8.2025, செவ்வாய்

மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோர்ட் வெப்சைட்டைத் திறந்தேன். பேரைப் போட்டால் வழக்கு வரும். இங்கிலீஷில் ஜி போட்டு ஒரு தடவை, ஜே போட்டு ஒரு தடவை. ஜே-யில் ஐந்து ஜெரால்டு. அதில் ஒருத்தன் மேல் மட்டும் குடித்துவிட்டு ஓட்டியதாக மூன்று வழக்கு. மூணு!

இடையில் ஏதோ ஈ-மெயில் முகவரி மாதிரி ஒரு வரி வந்தது, அதை விட்டுவிட்டேன். அந்த மூணைத்தான் பேப்பரில் எழுதிக்கொண்டேன்.

6.8.2025, புதன்

பெனிஷாவிடம் பேப்பரை வீசினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இந்தக் கல்யாணம் நடக்காது, ஞாயிற்றுக்கிழமை நானே சாமியாரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அந்த மீன்காரம்மா மூடி மறைத்து நம் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்றேன்.

அவள் லேபுக்குக் கிளம்பிக்கொண்டு இருந்தாள். பேப்பரைப் படித்தாள், மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா நம்ப மாட்ட. நீயே போய் முழுசா பார்த்துட்டு வா. அப்புறமும் வேணாம்னா வேணாம்."

இருபத்தாறு வயசு. நெஞ்சில் ஈரம் இல்லாத பெண். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

7.8.2025, வியாழன்

எங்கள் யார்டு விபத்து வழக்குகளுக்குப் பேப்பர் வாங்க வருகிற வக்கீல் குமாஸ்தா அத்தாவுல்லாவைப் பிடித்தேன். கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். நான் எழுதி வைத்த பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இராயபுரத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஜெரால்டு மேலேதான் விழும், இதில் எவன் உன் மாப்பிள்ளை என்று கேட்டார். மூன்று வழக்குக்காரனின் விவரத்தைத் தன் போனில் எடுத்துக் காட்டினார். ஐம்பத்தொரு வயசு ஆட்டோ டிரைவர். பாவம், அவன் பெண்டாட்டி யாரோ.

உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் கோதண்டம் உளறினான், நம் பையன் மேல் ஒன்றும் இல்லை என்றேன். அவர் விடவில்லை. வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். ஜெரி என்றேன். திரும்பத் தேடினார். நான் ஈ-மெயில் முகவரி என்று விட்டுவிட்ட அந்த வரி வந்து நின்றது. ஜெரி, அப்புறம் வால் சுழித்த ஒரு '@', அப்புறம் ஜெரால்ட்.

"இது மெயில் இல்லமா. போலீஸ் பாஷையில 'என்கிற'. ஜெரி என்கிற ஜெரால்டு. உங்க ஆளுங்களுக்கு கோயில்ல ஒரு பேரு, வூட்ல ஒரு பேரு. போலீஸ் ரெண்டையும் கோத்து வெச்சிடும்."

அப்பன் பேர் அதில் இக்னேஷியஸ் என்று இருந்தது. இன்னாசிதான் இக்னேஷியஸ், ஞானஸ்நானப் புத்தகத்துப் பேர். ஒரு குடும்பத்தைப் பிடிக்க எத்தனை பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது! நான் கோயில் கோயில் என்று அலைகிறவள், எனக்குத் தோன்றவில்லை. இந்த மனுசன் ஒரு நிமிசத்தில் பிடித்துவிட்டார். மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்த கேஸ் கட்டுகளை ஓரத்தைப் பார்த்தே எந்த வருசம் என்று சொல்வாராம். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர்.

2023 ஜூன். குடிபோதையில் வாகனம் ஓட்டியது. ஒரே வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருக்கிறான். வழக்கு முடிந்தது. போனில் அவ்வளவுதான் இருந்தது.

முழு கேஸ் கட்டும் வேண்டும் என்றேன். நகல் மனு போட்டார். வெளி ஆள் கேட்டால் காரணம் எழுத வேண்டுமாம். 'மகளின் திருமணம்' என்று எழுதி, வக்கீலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

10.8.2025, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் என்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். ஜெரி பைக்கில் வரவில்லை, அம்மாவோடு பஸ்ஸில் வந்தான். நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

13.8.2025, புதன்

நகல் கிடைத்தது. ஏழு பக்கம். அத்தாவுல்லா கொடுக்கும்போது மூன்றாவது பக்கத்தை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து திரும்பப் படித்தேன். ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'மேற்படி நாளில் மதியம் சுமார் 3.15 மணிக்கு காசிமேடு சிக்னல் அருகே வாகனத் தணிக்கையில் இருந்தபோது, பிலோமி, வயது 54, மீன் வியாபாரம் என்பவர், சற்றுத் தொலைவில் வந்த இருசக்கர வாகனத்தை நடுரோட்டில் மறித்து நிறுத்தி, அதன் சாவியைப் பிடுங்கி எங்களிடம் ஒப்படைத்து, "இவன் குடித்திருக்கிறான், ஊத வைத்துப் பாருங்கள்" என்று கூறினார். விசாரிக்க, வாகனத்தை ஓட்டி வந்தவர் மேற்படி பிலோமியின் மகன் எனத் தெரியவந்தது. கருவியில் ஊதச் செய்ததில் அளவு 96 என...'

கீழே சாட்சி என்ற இடத்தில் கையெழுத்து. பிலோமி. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்ட கையெழுத்து, 'லோ'வின் கொம்பு தனியாக விழுந்து கிடக்கிறது.

பெத்த பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பட்டப்பகலில், தனக்கு வியாபாரம் நடக்கிற ரோட்டில், தெரிந்தவன் தெரியாதவன் அத்தனை பேர் முன்னாடி. அய்யோ, என்ன பொம்பளை இவள்!

இந்த அம்மாவையா நான் மூடி மறைக்கிறாள் என்றேன்?

14.8.2025, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் வாயால் சொல்ல வரும்.

2012 மார்ச். சைமன் காலையிலேயே குடித்துவிட்டு ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு போனார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டு இருந்த ஒருத்தரை இடித்தார். வெள்ளத்துரை என்று பேர். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தகவல் தெரிந்து போலீஸ் வருவதற்கு முன்னால் நான் போய் நின்றேன். போன உடனே என்ன செஞ்சேன்? அடிபட்ட ஆளைப் பார்த்தேனா? இல்ல. பெட்டிக்கடைக்கு ஓடி வெத்தலை வாங்கிகினு வந்து புருசன் வாயில திணிச்சேன். மெல்லு மெல்லுன்னு கன்னத்துல அடிச்சேன். போலீஸ் கேட்டதுக்கு இருமல் மருந்து குடிச்சாரு சார், அந்த வாடைதான், என் புருசன் குடிக்கவே மாட்டாரு, பைபிள் மேல சத்தியம்னு அழுதேன். நல்லாவே அழுதேன். நம்பிட்டாங்க. பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

சைமன் பேரில் குடித்துவிட்டு ஓட்டியதாக ஒரு ரெக்கார்டும் கிடையாது. எந்தக் கோர்ட்டில் தேடினாலும், எந்தப் பேரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அத்தாவுல்லாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமாக வேலை செய்தேன்.

அவர் திருந்தினாரா? ஜானட் பார்த்துக்கொள்வாள் என்று தெரிந்துபோச்சு, அப்புறம் எதுக்குத் திருந்தணும். 2014-ல் நின்றுகொண்டு இருந்த டிரெய்லரில் போய் மோதினார். பெனிஷாவிடம் லாரி இடித்துவிட்டது என்று சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயசு. இன்று வரைக்கும் ரோட்டில் டிரெய்லரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டிரெய்லர் என்ன பண்ணுச்சு பாவம், சும்மா நின்னுகினு இருந்தது.

அன்னிக்கு நான் வெத்தலை வாங்கப் போகாமல் இருந்திருந்தால்?

15.8.2025, வெள்ளி

மாதா திருநாள். பூசை முடிந்து வந்ததும் பெனிஷாவிடம் சொன்னேன். பெட்டியின் அடியில் இருந்த பிரேதப் பரிசோதனைப் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். ரத்தத்தில் எவ்வளவு சாராயம் இருந்தது என்று அதில் எண் இருக்கிறது. தினமும் ரத்தம் பரிசோதிக்கிற பெண், அதைப் படிக்க என்னைக் கேட்க வேண்டியதில்லை.

வெள்ளத்துரை பற்றியும் சொன்னேன். வெத்தலையையும் விடவில்லை.

அவள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் ஒரே ஒரு விசயம் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஜெரி அவளிடம் தன் வழக்கைச் சொல்லிவிட்டானாம். எங்க அம்மாதான் புடிச்சிக் குடுத்தாங்க என்று சொன்னானாம். அதைச் சொன்னதால்தான் சம்மதித்தாளாம். உன்னிடம் சொன்னால் பாதி கேட்டதும் கத்துவாய், மீதியைக் கேட்க மாட்டாய் என்றாள். உண்மைதான்.

என் பெண்ணை நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும். நான் எழுதியதுதானே.

16.8.2025, சனி

காலையில் தலை வாரிக்கொண்டே பெனிஷா கேட்டாள்: "அந்த சைக்கிள்காரர் இப்ப எங்க இருக்காரு?"

தெரியாது என்றேன்.

பத்திரிகை ஒன்றை எடுத்து, மேலே 'திரு. வெள்ளத்துரை அவர்கள்' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முகவரி எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அத்தாவுல்லாவுக்குப் போன் பண்ணினேன். பழைய கேஸ் கட்டுக்குள் முகவரி இருக்கும், தேடலாமா என்றார்.

17.8.2025, ஞாயிறு

மூன்றாம் ஓலையைக் கேட்க இராயபுரம் கோயிலுக்கே போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பங்கு. தடை ஏதாவது தெரிந்தவர்கள் என்று வாசித்தபோது இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. ரெண்டு வரிசை முன்னால் பிலோமியம்மா பாடிக்கொண்டு இருந்தார்கள். அதே குரல். நடுரோட்டில் வண்டியை நிறுத்த இந்தக் குரல் வேண்டும் என்று இப்போது புரிகிறது.

பூசை முடிந்து வெளியே மாதா கெபி பக்கத்தில் நின்று பேசினோம். அவங்களே ஆரம்பித்தார்கள். ஒரு விசயம் சொல்லணும், எம் புள்ள மேல ஒரு கேஸு இருந்திச்சி, ஓலை முடியறதுக்குள்ள சொல்லணும்னு இருந்தேன் என்றார்கள். தெரியும், பேப்பரைப் படித்துவிட்டேன் என்றேன். கோபப்படுவார்கள் என்று பார்த்தேன். இன்னா, எங்கையெழுத்தும் பாத்தியா, கோழி கிளறுன மாதிரி இருந்திருக்குமே என்று சிரித்தார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு ஞானஸ்நான விருந்தில் கூட்டாளிகளோடு குடித்திருக்கிறான். மீன் கூடையோடு ரோட்டோரம் நின்ற பிலோமியம்மா, வண்டி வளைந்து வளைந்து வருவதைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அப்புறம் கோர்ட்டுக்கும் அவனோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மாசம் லைசென்ஸ் இல்லை. நாலு மாசம் அவன் அம்மாவோடு பேசவில்லையாம். அஞ்சாவது மாசம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, குழம்பு நல்லாக்கீதும்மா என்றானாம். இதைச் சொல்லும்போது மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரோட்ல போற எவளோ பெத்த புள்ளைய எம் புள்ள அடிச்சிப் போட்டுட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு பூசையில சாமியார் கையால நன்மை வாங்கறது, சொல்லு?"

பதின்மூன்று வருசமாக நான் அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் நன்மை வாங்குகிறேன். அதைச் சொன்னேன். வெள்ளத்துரை, வெத்தலை, இருமல் மருந்து, எல்லாம் அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். அவங்க தேறுதல் எதுவும் சொல்லவில்லை. தப்பில்லை என்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்கள், மீன் வாசனை அடிக்கிற கை. ரொம்ப நேரம் விடவில்லை. அப்புறம், காலீல இன்னா துன்ன, வா வூட்டுக்கு என்றார்கள். போனேன். வஞ்சிரம் குழம்பு. ஜெரிதான் பரிமாறினான்.

கிளம்பும்போது ஒன்று பார்த்தேன். ஜெரிக்கு ஏதோ வேலை, பைக் எடுக்கணும். அம்மா முன்னால் வந்து நின்று "ஹா" என்று ஊதினான். அவங்க மோந்து பார்த்துவிட்டு இடுப்பில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். ரெண்டு வருசமாக இப்படித்தானாம். முப்பது வயசு ஆம்பளை, வருங்கால மாமியார் பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் கேட்டில் அவ்வளவு விலை கொடுத்து வாங்கின மிஷின் இருக்கிறது. அந்த மூக்குக்கு முன்னால் அது என்ன மிஷின்?

25.8.2025, திங்கள்

கோதண்டம் ஊதினான். நாற்பத்தொன்று.

வழக்கம் போல் தலையைச் சொறிந்தான். நாற்பத்தொன்று என்று எழுதினேன். சாவி கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்தான். கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். பத்து வருசப் பழக்கம், மூணு பொம்பளைப் புள்ளைங்க, இன்னிக்கு ட்ரிப் போச்சுன்னா வூட்ல அடுப்பு எரியாது, எல்லாம் சொன்னான். எனக்குத் தெரியாததா. நீட்டிய கையை இறக்கவில்லை.

"உனுக்கு இன்னாக்கா ஆச்சி? நல்லாதான இருந்த."

சாவியை மேஜை மேல் எறிந்துவிட்டுப் போனான். டிராயரில் போட்டுப் பூட்டினேன். மதியம் வரைக்கும் கேட்டுக்கு எதிரில் மர நிழலில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டு இருந்தான். என் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து அனுப்பினேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது, திட்டு நிற்கவில்லை.

1.9.2025, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிலோமியம்மா பாடினார்கள். நானும் கூடச் சேர்ந்து பாடினேன், சத்தமாகவே.

வெள்ளத்துரை வரவில்லை. பழைய முகவரியில் வேறு யாரோ இருக்கிறார்கள். வியாசர்பாடி பக்கம் மகள் வீட்டில் இருப்பதாக அத்தாவுல்லாவுக்குத் தகவல். பத்திரிகை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பெனிஷாவும் ஜெரியும் அடுத்த வாரம் என்னோடு வருகிறார்கள்.

4.9.2025, வியாழன்

லீவு முடிந்து டூட்டி. கோதண்டம் வந்தான். கல்யாணத்துக்கு வரவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. மிஷினை வாங்கினான், ஊதினான், நீட்டினான்.

சைபர்.

சைபர் என்று எழுதினேன். கேட் திறந்தது, போய்விட்டான்.

அப்புறம் ரெஜிஸ்டரின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவன் பேருக்கு நேராக எத்தனை சைபர், எல்லாம் என் கையெழுத்து. இன்றைக்கு எழுதியதும் அதே மாதிரிதான் இருக்கிறது. நாளைக்கு யார் எடுத்துத் தேடினாலும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.